ஆறினால் ஓடும் வண்டி

"நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க, பொட்டுனு நின்னுருச்சு. செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல." பட்டறைக்கு வரும் புகார்களில் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஏனென்றால் அப்படி நின்ற வண்டி பெரும்பாலும் தானே ஓடித்தான் நம்மிடம் வந்து சேரும். சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் கிளம்பிவிடும். கோளாறு வழியிலேயே எங்கோ இறங்கிப் போயிருக்கும்.

அதனால் பானெட்டைத் திறக்கும் முன் கேள்விகள்தான். எப்படி நின்றது? திணறித் திணறி, இழுவை குறைந்து நின்றிருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் சரியாக வரவில்லை. லைட் மங்கி, மீட்டரில் பேட்டரி விளக்கு எரிந்து அப்புறம் நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். அந்த வண்டியில் செல்ஃபே சோம்பலாகத்தான் சுற்றும். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் மறுபடி சாவியைத் தொடவே விடமாட்டேன். சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா? அப்படியென்றால் எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார், கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே, ஒயரிங் என்று என் சந்தேகம் போகும்.

திருப்பூரிலிருந்து வந்தவர் சொன்னது கடைசி வகை. பெட்ரோல் கார். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஏற்கெனவே வேறொரு இடத்தில் பெட்ரோல் பம்பையும் பிளக்குகளையும் மாற்றிவிட்டார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டேன், பழுதைச் சொல்லும் கோட் (code) ஒன்றும் இல்லை. கோட் இல்லையென்றால் கோளாறு இல்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. விட்டு விட்டு வரும் பழுதை எல்லா வண்டியும் எழுதி வைத்துக்கொள்ளாது.

சரி, நிற்கும்போதுதான் பிடிக்க வேண்டும். ஸ்கேனரை மாட்டியபடியே அவரோடு அவிநாசி பக்கம் கிளம்பினேன். கடைசியில் நின்றது. பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிட, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தில் பிடித்து ஓரம் கட்டச் சொன்னேன். எஞ்சின் நின்றபின், பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிடம்) ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும்.

சாவியை ஆன் செய்தால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு நொடி முனகியது. ஆக பம்புக்குக் கரண்ட் வருகிறது. செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஆர்பிஎம் பூஜ்யம். கிராங்க் சுற்றுவதே எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவுக்குத் தெரியாவிட்டால், அந்த வண்டியில் தீப்பொறியும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. கியர்பாக்ஸ் பக்கம் இருந்த கிராங்க் சென்சார்மேல் பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். சற்று நேரத்தில் கிளம்பியது.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பெரியவருக்கு ஒரே சந்தோஷம். அம்பாசிடரில் மலை ஏறும்போது பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி போடுவோமே, அதேதானே என்றார். அது வேறு, அங்கே சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். இங்கே சென்சாருக்குள் இருக்கும் சுருள் கம்பி, சூடேறினால் எங்கோ விட்டுப்போகிறது. ஆனாலும் ஈரத்துணி வைத்தியம் இரண்டுக்கும் பலிக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

பட்டறையில் சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பார்த்தால் கணக்குச் சரியாக இருந்தது. ஹீட் கன்னால் கொஞ்சம் சூடு காட்டியதும் மீட்டர் ஓப்பன், அதாவது கம்பி விட்டுப்போனதாக, காட்டியது. இரண்டு பின் சென்சாருக்குத்தான் இந்தச் சோதனை. மூன்று பின் வகையை இப்படி அளந்து பயனில்லை. ஒயரை மாட்டும் கப்ளரில் துருவும் இல்லை, ஒயர் சைலன்சரில் உரசவும் இல்லை என்று பார்த்துவிட்டுப் புதுசைப் போட்டேன். அதே ரோட்டில், அதே மதிய வெயிலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன்.

பில்லைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "சென்சார் வெல கம்மிதானுங்களே, ஓட்டிப் பாத்ததுக்கு எதுக்குங்க இவ்ளோ கூலி?" பார்த்ததற்குக் காசு கொடுக்க நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. பாகம் மாற்றினால் கொடுப்பார்கள். பம்பை மாற்றிய பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபம் வராததற்கு அதுதான் காரணம். இதை அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முழுத் தொகையையும் கொடுத்தார்.