கியோட்டோ சந்தையில் பழைய ஓபிப் பட்டு

ஜப்பானின் கியோட்டோ போகிறவர்கள் முடிந்தால் 21-ஆம் தேதி அங்கே இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். தோஜி கோயில் வளாகத்தில் மாதாமாதம் அன்றுதான் கோபோ-சான் சந்தை. கோபோ தைஷி என்று மக்கள் வணங்கும் துறவி கூகாய் மறைந்த தேதி அது. அதைத் தவறவிட்டால் 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயில் சந்தை இருக்கிறது.

ஐந்தடுக்குக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நான் நேராகப் போனது பழந்துணிக் கடைகளுக்குத்தான். கிமோனோக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஓரத்தில் ஒரு பெண்மணி, பழைய ஓபியில் தைத்த குஷன் கவர்களை அடுக்கி வைத்திருந்தார். ஓபி என்பது கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டை.

ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முன்னால் நாரை பறக்கிறது. பின்னால் நிறநிறமான ஊடை இழைகள் நீள நீளமாகத் தொங்குகின்றன. சரிகை என்று நினைத்துத் தடவினால், அது காகிதம்! வாஷி என்னும் ஜப்பானியக் கைக்காகிதத்தில் அரக்குப் பூசி, தங்கத் தகடு ஒட்டி, மயிரிழை போல நறுக்கி, முறுக்காமல் தட்டையாகவே தறியில் கோத்து நெய்திருக்கிறார்கள். பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றிய காஞ்சிபுரம் சரிகையைத் தொட்டுப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறு. வெளிச்சம் படும்போது பளிச்சென்று மின்னாமல் நிதானமாக ஒளிர்கிறது.

ஓபியின் அகலம் சுமார் 30 செ.மீ. கிமோனோத் துணி 36 முதல் 38 செ.மீ. நம் சோபா குஷனோ 45-க்கு 45. அதனால் சிலர் நடுவில் ஓபி, இருபுறமும் வெற்றுப் பட்டு என்று ஒட்டுப்போட்டுச் சதுரமாக்குகிறார்கள். எனக்குப் பிடித்தது ஓபியின் அகலத்தை அப்படியே வைத்துத் தைத்த நீள்சதுரம்தான். நெய்தவர் நினைத்த சித்திரம் முழுசாக இருக்கிறது. நாரையின் கழுத்தில் தையல் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காது.

இவ்வளவு அழகானதை வெட்டலாமா? கிமோனோவைப் பொறுத்தவரை எனக்கு உறுத்தல் இல்லை. அது பிரிப்பதற்கென்றே தைத்த உடை. எல்லாமே நேர்க்கோட்டு வெட்டு. அந்தக் காலத்தில் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாக இணைத்து, அலசி, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டிக் காயவைத்துத் திரும்பத் தைப்பார்கள். நைந்தால் பிள்ளைக்குச் சட்டை, அதற்கப்புறம் மெத்தை உறை. ஓபியை வெட்டும்போதுதான் மனம் தயங்குகிறது. அந்தப் பெண்மணி கறைபட்டவற்றையும் முடிச்சு விழுந்து நைந்தவற்றையும் மட்டுமே எடுக்கிறாராம். நைந்த இடத்தை ஒதுக்கினால், உள்சுற்றில் மறைந்திருந்த பகுதி புத்தம் புதுசாக இருக்கிறது.

வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய கறுப்புப் பட்டில் கூடுதல் கவனம் வேண்டும். இரும்புச் சாயம் ஏறிய இழை காலப்போக்கில் பொடிந்துவிடும். பின்னால் ஒட்டுத்துணி கொடுத்திருந்தால் நல்லது. தண்ணீரில் போடவே கூடாது, வெயில் நேராக விழும் ஜன்னலோரமும் வேண்டாம். உறையை மட்டும் வாங்கி வாருங்கள், பெட்டியில் இடம் மிச்சம். உள்ளே அடைக்க ஊரில் இலவம்பஞ்சு இருக்கிறது.