சிஸ்டம்.இனியில் இல்லாத ஃபைல்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பென்டியம் கம்ப்யூட்டர் இது. டிரையருக்கு அடுத்த அறையில் இருந்ததால் போர்டில் பூஞ்சை இல்லை, நம்ம ஊரில் அதுவே அதிசயம். பவர் சப்ளை ஃபேனில் மட்டும் தேயிலைப் பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்ததும் ஃபேன் சுற்றியது, விண்டோஸ் 95 கிளம்பியது.

பாதியில் கறுப்புத் திரை. வின்ஹைராம்.விஎக்ஸ்டி என்ற டிவைஸ் ஃபைலைக் (விண்டோஸோடு சேர்ந்து ஏறும் டிரைவர்) காணோம்; ரெஜிஸ்ட்ரியோ சிஸ்டம்.இனியோ (இரண்டும் விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடங்கள்) அதைக் குறிப்பிடுகிறது, ஏதாவது கீயை அழுத்து என்கிறது. அங்கே கணக்கு பார்த்த அண்ணனிடம் கேட்டேன். "அதுவா தம்பி? என்டரைத் தட்டிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றார்.

சரி, திரை சொன்ன இடத்திலேயே தேடினேன். சிஸ்டம்.இனியில் 386என்ஹ் பகுதியில் வரிவரியாகப் பார்த்தேன், அந்தப் பெயர் இல்லை. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து காட்டும் ரெஜெடிட்டில் விஎக்ஸ்டி கிளை முழுக்கத் துழாவியும் இல்லை.

காரணம் இருந்தது, டாஸ் கிளம்பும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ்ஸில், அதுவும் வேறு பெயரில். பச்சை இலைக் கணக்கு எழுதும் டாஸ் புரோகிராமுக்கு 640 கேபிக்குள் இடம் பற்றாமல், யாரோ ஒரு புண்ணியவான் குவார்ட்டர்டெக் கம்பெனியின் கியூஇஎம்எம் என்ற மெமரி மேனேஜரைப் போட்டிருக்கிறார். இந்த மாதிரி மெமரி மேனேஜர்கள் டாஸிலேயே உட்கார்ந்துவிடும். விண்டோஸ் எழும்போது 2எஃப் இன்டரப்ட் (புரோகிராம்கள் ஒன்றையொன்று கூப்பிடும் ஒரு வழி) மூலமாக "நான் கிளம்புகிறேன்" என்று எல்லாருக்கும் அறிவிக்கும். அப்போது மெமரி மேனேஜர், "இந்த விஎக்ஸ்டியையும் ஏற்றிக்கொள்" என்று நேரடியாக ஒரு பெயரைக் கொடுத்துவிடும். எந்த இனி ஃபைலிலும் எழுதியிருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் சிஸ்டம்.இனியை எத்தனை தடவை புரட்டினாலும் பயனில்லை. திரையில் வரும் வாசகம் ஆளைத் தப்பான தெருவுக்கு அனுப்புகிறது என்பதே என் வாதம்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. "ஸ்டார்ட்டிங் விண்டோஸ் 95" வரும்போது எஃப்8 தட்டி, ஸ்டெப்-பை-ஸ்டெப் எடுத்து, கியூஇஎம்எம் வரிக்கு மட்டும் 'வேண்டாம்' சொன்னேன். எரர் வரவில்லை. அப்புறம் அந்த ஃபோல்டரைத் திறந்தால் சிஸ் ஃபைல் பத்திரமாக இருக்கிறது, விஎக்ஸ்டிகளைக் காணோம். டிஸ்க்கில் இடம் பண்ண யாரோ அழித்திருக்க வேண்டும்.

இன்ஸ்டால் ஃபிளாப்பி இருந்தால் அந்த ஃபைல்களை மட்டும் திரும்ப வைத்தால் போதும். ஈரத்தில் அந்த ஃபிளாப்பிகள் படிக்கவே வரவில்லை. அதனால் கான்ஃபிக்.சிஸ்ஸுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, கியூஇஎம்எம் வரிகளுக்கு முன்னால் ரெம் போட்டு அவற்றை ஓடாமல் நிறுத்தினேன். அந்த இடத்தில் விண்டோஸோடு வரும் மெமரி மேனேஜர்கள்: ஹைமெம்.சிஸ், அதன் கீழே இஎம்எம்386, பின்னால் நோஇஎம்எஸ். கடைசியில் டாஸ்=ஹை,யுஎம்பி. இலைக் கணக்குப் புரோகிராம் இஎம்எஸ் (பழைய வகைக் கூடுதல் மெமரி) கேட்பதில்லை, அதனால் அதற்கான ஜன்னலான பேஜ் ஃபிரேமுக்குப் போகும் 64 கேபி மிச்சம். ஆட்டோஎக்செக்கில் கியூஇஎம்எம்மின் லோட்ஹை இருந்த இடமெல்லாம் டாஸின் எல்ஹெச் ஆனது.

விண்டோஸ் இப்போது ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறுகிறது. மெமரிக் கணக்கு காட்டும் மெம் /சி போட்டுப் பார்த்தால் கியூஇஎம்எம் தந்த அளவுக்கு இடம் காலியில்லைதான், ஆனால் இலைக் கணக்கு திறக்கிறது. அடுத்த வேலை சீமாஸ் பேட்டரி. கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழசுக்கே ஓடுகிறது.