40 கெஜத்தில் ஒரு காகிதம்

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைகள் (தோட்டாவுக்குள் நிரப்பப்படும் சிறு குண்டுகள்) 1991-இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. சேற்றில் கிடந்த ரவைகளை இரையோடு விழுங்கிய வாத்துகள் நஞ்சேறி மடிந்ததே அதற்குக் காரணம். அவற்றின் இடத்துக்கு வந்த எஃகு ரவை, ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் காற்றில் விரைவாக வேகமிழக்கிறது; அதை ஈடுகட்டப் பெரிய ரவையை எடுத்தால், தோட்டாவில் அடங்கும் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

ஆகவே, தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், 40 கெஜத்தில் பெரிய காகிதத்தை நிறுத்திச் சுட்டு, துளைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் விழுந்த துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே துப்பாக்கி, அதே சோக் (ரவைகள் சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்), அதே தோட்டா என்றாலும் ரவைகளின் பரவல் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒரே காகிதத்தைக் கொண்டு நான் முடிவெடுப்பதில்லை. 60 கெஜத்தில் வாத்தைச் சுட விரும்புபவர் முதலில் அதே 60 கெஜத்தில் காகிதத்தைச் சுடட்டும். வட்டத்துக்குள் பறவையளவு வெற்றிடங்கள் தெரிந்தால், அந்தத் தொலைவில் காயத்தோடு தப்பும் வாத்து நாணலுக்குள் கிடந்து மெல்லச் சாகும்.