'கொஞ்சம் கஷ்டம்' என்றார்கள், நான் நம்பிவிட்டேன்

டோக்கியோவுக்கு ஆன்சைட் போகும் முன் சென்னையில் மூன்று மாதம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போனேன். வினைச்சொல் கடைசியில் வரும், 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை அதே வரிசையில் சொல்லலாம் என்றதும், தமிழ் தெரிந்தவனுக்கு இது அல்வா என்று நினைத்துவிட்டேன். மாட்டியது பெயரடையில்.

நமக்கு 'சாப்பாடு ருசியாக இருந்தது' என்றால் காலம் 'இருந்தது'வில் இருக்கிறது, 'ருசியாக' தன் பாட்டுக்குச் சும்மா நிற்கும். அங்கே பெயரடை இரண்டு வகை. 'இ'யில் முடியும் 'இ' வகைப் பெயரடையே காலத்தைச் சுமக்கிறது. ஒய்ஷீ என்றால் ருசியாக இருக்கிறது, ஒய்ஷிகத்தா என்றால் ருசியாக இருந்தது. நானோ தினமும் மதியம் சாப்பிட்டு முடித்து 'ஒய்ஷீ தெஷ்தா' என்று வாலில் காலத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன், அசல் தமிழ் மூளை. பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்காமல் 'ஆமாம், ஒய்ஷிகத்தா தெஸ் நே' என்பார். அது திருத்தம் என்று புரியவே எனக்கு நாலு நாள் ஆனது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'ந' ஒட்டிக்கொள்ளும் 'ந' வகையில் நம் வழி செல்லும்: ஷிஸுகா தெஷ்தா, அமைதியாக இருந்தது. ஆனால் அழகு, சுத்தம் இரண்டுக்கும் சொல்கிற 'கிரேய்' இருக்கிறதே, 'இ'யில் முடிந்துவிட்டு 'ந' வகையில் போய் உட்கார்ந்திருக்கும். 'நல்லது' என்கிற 'ஈ' அதைவிட மோசம், இறந்தகாலத்தில் 'யொகத்தா' என்று ஆளே மாறிவிடும்.

அந்த 'ஈ' கடையிலும் காலை வாரியது. 2020 ஜூலையிலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால் பை வேண்டுமா என்று கேட்பார்கள். நல்லது, கொடுங்கள் என்ற நினைப்பில் 'ஈ தெஸ்' என்றேன். அந்த இடத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தமாம். தயிரையும் வாழைப்பழத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்கு நடந்தேன்.

சரி, அதில் நஷ்டம் எனக்கு மட்டும். 'முஸுகஷீ' அப்படி இல்லை. அகராதிப்படி 'கடினம்'. ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், கூடுதலாக ஒரு மாற்றம் செய்கிறோம், ரிலீஸை இரண்டு வாரம் தள்ளலாமா என்று கேட்டோம். கிளையன்ட் தரப்பு மூத்தவர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து 'சொத்தோ முஸுகஷீ தெஸ் நே' என்றார். கொஞ்சம் கஷ்டம்தான், பேசிப் பார்க்கலாம் என்று மினிட்ஸ் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். அங்கே நாலு பேர் சனி, ஞாயிறு உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டார்கள். திங்கட்கிழமை அதைத் திறந்து காட்டினால் அறையில் சத்தமே இல்லை. மனிதர் வெள்ளிக்கிழமையே முடியாது என்று சொல்லிவிட்டிருந்தார்.

போனில் சென்னை மேனேஜருக்கு விளக்கினேன். "முடியாதுன்னா நேரா முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா, இதென்ன பழக்கம்" என்று சலித்துக்கொண்டார். பொங்கலுக்கு ஊருக்கு வர லீவு கேட்டிருந்தேனே, அது என்னவாயிற்று என்று அப்படியே கேட்டு வைத்தேன்.

"பார்க்கலாம்ப்பா" என்றார்.