பெரிய ரெசிடுவல்தான் குற்றவாளியா?

ஒரு கால்வாய் வேலைக்காக லெவலிங் வலை (புள்ளிகளுக்கிடையே உயர வித்தியாசம் அளந்த லைன்களின் பின்னல்) ஒன்றை லீஸ்ட் ஸ்கொயர்ஸில், அதாவது திருத்தங்களின் எடையிட்ட வர்க்கத் தொகை மிகக் குறைவாக வரும்படி, அட்ஜஸ்ட் செய்தேன். உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் ஒன்று, புதுப் புள்ளிகள் 6, இணைக்கும் லைன்கள் 11. அதாவது தேவைக்கு மேல் எடுத்த உபரி அளவீடு 5. திட்டவிலக்கம் 1 கி.மீ.க்கு 2 மி.மீ., மற்ற லைன்களுக்கு அதைத் தூரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொண்டேன்.

முதலில் மொத்தச் சோதனை. ரெசிடுவல் என்பது அளந்த மதிப்புக்கும் அட்ஜஸ்ட் செய்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். லைனின் துல்லியத்துக்கேற்ப எடையிட்ட ரெசிடுவல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 17.8. 5 உபரிக்கு, 5% மட்டத்தில் அது தாண்டக்கூடாத கை-ஸ்கொயர் (chi-square) எல்லை 11.07. எங்கோ கோளாறு என்பது மட்டும் தெரிந்தது. எங்கே என்று இந்தச் சோதனை சொல்லாது. எடைகளைத் தப்பாகப் போட்டிருந்தாலும் இதே மாதிரிதான் தோற்கும்.

கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் 6.2 மி.மீ. ரெசிடுவல் இருந்த 2.25 கி.மீ. லைனைத்தான் கைகாட்டினார்கள். ஆனால் லீஸ்ட் ஸ்கொயர்ஸ், ஒருவன் பட்ட கடனை ஊருக்கெல்லாம் பங்கு போடுகிற பஞ்சாயத்து மாதிரி. அளவீட்டில் இருக்கும் பிழையில் எவ்வளவு பங்கு அதன் சொந்த ரெசிடுவலில் தெரியும் என்பதை உபரி எண் சொல்லும். அந்த லைனுக்கு அது 0.6.

டெல்ஃப்ட்டைச் சேர்ந்த பார்டா 1968இல் தந்த முறை இதற்குத்தான்: ஒவ்வொரு ரெசிடுவலையும் அதன் சொந்தத் திட்டவிலக்கத்தால் வகுத்து, 'இதில் பிழை இல்லை' என்ற கருதுகோளைத் தனித்தனியாகச் சோதிப்பது. 0.1% மட்டத்தில் எல்லை 3.29. சந்தேகப்பட்ட லைனுக்கு 2.67தான் வந்தது. ரெசிடுவல் வெறும் 4.1 மி.மீ. இருந்த ஒரு 1 கி.மீ. லைனுக்கு, உபரி எண் 0.3, 3.74 வந்தது! அதை மட்டும் நீக்கினேன். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்றை நீக்கினால் நல்ல அளவீடும் சேர்ந்து போய்விடும். மீண்டும் ஓட்டியதும் தொகை 3.8, 4 உபரிக்கு எல்லை 9.49.

ரெசிடுவலை உபரி எண்ணால் வகுத்தால் பிழையின் அளவு சுமார் 14 மி.மீ., நிச்சயமின்மை 4 மி.மீ. அளவில். களத்தில் அந்த லைனைத் திரும்ப எடுத்தபோது 1 செ.மீ. வித்தியாசம். ஸ்டாஃபில் (லெவல் கருவி வழியே படிக்கும் அளவுகோல்) ஒரு செ.மீ. கட்டம் மாறிப் படித்திருக்க வேண்டும்.

இன்னொரு 1 கி.மீ. லைன்தான் என்னை உறுத்தியது. சோதனையில் தேறிவிட்டது, ஆனால் உபரி எண் 0.12தான். 80% வாய்ப்போடு பிடிபட வேண்டுமென்றால் அதில் பிழை 24 மி.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். அதன் கடைசிப் புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்குக் குறுக்கே ஒரு லைன் ஓட்டிய பிறகுதான் உயரங்களைக் கொடுத்தேன்.