ஏழு ஏழாகப் பின்னோக்கி

மார்ச் 3
வரவில்லை.

மார்ச் 4
மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமினை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவதை எப்போதுதான் நிறுத்துவார்களோ. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்கின் நடுமூளையில் நுண்ணிய மின்முனை செருகி, டோபமின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணு படபடக்கிறது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் படபடப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது. சாறு வந்தாலும் சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் வழக்கமான துடிப்புகூட அடங்கிப்போகிறது. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்கும் கணக்கு, அவ்வளவுதான்.

2003இல் சாறு வரும் வாய்ப்பைப் பாதிக்குப் பாதி ஆக்கிப் பார்த்தார்கள். விளக்குக்கும் சாறுக்கும் இடைப்பட்ட நேரத்தில் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. கட்டாயம் வரும் என்றாலும் சரி, வரவே வராது என்றாலும் சரி, அந்த ஏற்றம் இல்லை.

கைபேசியின் மணியோசை விளக்கு. பதில்தான் சாறு.

மார்ச் 5
காதலில் மூளை என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வு: ஹெலன் ஃபிஷர், ஆர்தர் அரோன், லூசி பிரவுன், 2005. காதலின் உச்சத்தில் இருந்த 17 பேர். ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் காதலர் படம் 30 நொடி. பிறகு பெரிய எண் ஒன்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ண 40 நொடி. பழக்கமான, ஆனால் மனத்தைத் தொடாத ஒருவர் படம் 30 நொடி. மீண்டும் எண்ண 20 நொடி. இப்படி ஆறு சுற்று.

எண்ணச் சொல்வது ஏன்? காதலர் முகம் கிளப்பிய உணர்வு அடுத்த படத்திலும் ஒட்டிக்கொள்ளும். துடைக்காமல் விட்டால் இரண்டு படத்துக்கும் வித்தியாசமே தெரியாது. காதலர் படத்துக்குப் பிறகு இரண்டு மடங்கு நேரம் துடைக்க வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள்.

ஒளிர்ந்தவை நடுமூளையில் டோபமின் நரம்பணுக்கள் நிறைந்த விடிஏ பகுதியும், டோபமின் போய்ச்சேரும் இடங்களில் ஒன்றான காடேட்டும். அந்த இயந்திரம் அளப்பது ரத்த ஓட்டத்தை, டோபமினை அல்ல. அதுவும் சில நொடி தாமதமாக. விடிஏ மிகச் சிறியது. நாடி துடிக்கும்போதெல்லாம் மூளைத்தண்டோடு சேர்ந்து அசையும். படத்தில் தெரியும் மஞ்சள் பொட்டை ரொம்பவும் நம்பக்கூடாது.

மார்ச் 6
8000, 7993, 7986, 7979.

மார்ச் 8
'காதலில் செரட்டோனின் குறையும்' என்று இன்றும் ஒரு கட்டுரை. செரட்டோனினும் மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். மூலம் 1999, டொனடெல்லா மரட்சீத்தி: புதிதாகக் காதலில் விழுந்த 20 பேர், ஒரே எண்ணம் விடாமல் சுழலும் நோய் (ஓசிடி) உள்ள 20 பேர், சாதாரணமாக இருந்த 20 பேர். அவர் அளந்தது ரத்தத் தட்டணுக்களில் உள்ள செரட்டோனின் கடத்திப் புரதத்தை. முதல் இரு குழுவிலும் அது குறைவு. மூளையை யாரும் தொடவில்லை. தட்டணுவில் கண்டதை மூளைக்கு ஏற்றிச் சொல்வது ஊகம். நாளெல்லாம் அதையே நினைப்பதற்கு விளக்கம் கிடைத்த மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது.

மார்ச் 9
2010, ஃபிஷர் குழுவின் இன்னொரு ஆய்வு. கைவிடப்பட்டும் காதல் தீராத 15 பேர். விட்டுப்போனவர் படத்தைக் காட்டியபோதும் விடிஏ ஒளிர்ந்தது.

இன்றும் இல்லை.

மார்ச் 10
வோல் எலி. பிரெய்ரி வகை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரிவதில்லை, ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் பசை என்று பல பத்தாண்டுகள் பாடம். 2023இல் ஆக்சிடோசின் ஏற்பியே (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமே) இல்லாத வோல் எலிகளை மரபணுத் திருத்தத்தால் உருவாக்கினார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன! முன்பு ஏற்பியை மருந்தால் அடைத்தபோது பிணைப்பு தடைபட்டதும் உண்மை. கருவிலிருந்தே ஏற்பி இல்லாத மூளை வேறு வழி போட்டுக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ஆக்சிடோசின் 'காதல் ஹார்மோன்' ஆவதற்கு இது போதாது.

மார்ச் 12
நிறுத்துவது பற்றி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் பழகிய செயல்தான் கடைசியாக அணைகிறது. உளவியலாளர் ஸ்கின்னர் காலத்துப் பாடம். பரிசை அடியோடு நிறுத்தினால் முதலில் தேடல் கூடும், குறையாது. இதைத் தெரியாதவர்கள் இரண்டாம் நாளே 'முடியவில்லை' என்று எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். அப்போது தற்செயலாக ஏதாவது வந்திருந்தால் போச்சு: அடுத்த தடவை இன்னும் நீளும். மணியோசையை அணைத்து வைத்தால் மட்டும் போதாது. எடுத்துப் பார்ப்பதற்கு நேரம் குறித்து, அந்த நேரத்தில் மட்டும் பார்க்க வேண்டும்.

மார்ச் 13
மணி அடித்தது. பேட்டரி எச்சரிக்கை.

மார்ச் 14
2012 ஆய்வில் சராசரியாக 21 ஆண்டு மணவாழ்வு கண்ட 17 பேருக்கும் விடிஏ ஒளிர்ந்தது. ஆனால் அவர்கள் 'இன்றும் அதே தீவிரம்' என்று தாங்களே சொல்லி வந்தவர்கள். அந்தத் தேர்வைப் பற்றி நாளை எழுத வேண்டும்.