பற்றுச்சீட்டில் எழுதாத நான்கு இலக்கங்கள்

எனக்கு வந்த நட்டம் 3,000 ரூபாயும், மழைக்குள் நகரத்துக்கு அலைந்த அலைச்சலும். 65,000 ரூபாயும் போயிருக்க வேண்டியது, தப்பிவிட்டது. இதை எழுதும்போதும், நான் பேசிக்கொண்டிருக்கையில் அந்தக் கடைப் பையன் தலையைக் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி கண்ணுக்குள் நின்று நெஞ்சு கொதிக்கிறது. நிலாவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ பாவித்த கணினி ஒன்றைப் பிள்ளைகளுக்காக வாங்கத் திருகோணமலை நகரத்துக்கு வருகிறவர்களில் ஒருவராவது இதை வாசித்துவிட்டு வரட்டும்.

எங்கள் தேவை பெரியதல்ல. மகன் பத்தாம் தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறான்; விரிதாளை வீட்டில் செய்து பழக ஒரு கணினி வேண்டும். நான் தமிழ் ஆசிரியை. ஒவ்வொரு தவணைக்கும் வினாத்தாளைத் தட்டச்சுக் கடையில் கொடுத்து, பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கி, பிழை திருத்தி, மறுபடியும் கொடுத்துக் களைத்துவிட்டேன். மாமிக்குக் கனடாவில் இருக்கும் மகளின் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். மடிக்கணினியா மேசைக்கணினியா என்ற பேச்சு ஒரே மாலையில் முடிந்தது. நான்கு பேர் பாவிக்கும் பொருள்; ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம்; அதே பணத்துக்கு மேசைக்கணினியில் வேகமும் கூட. கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம், ஒரு இலட்சம் ரூபாய். அதற்குள் புதியது எதுவும் அமையவில்லை. எனவே வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிக் கழிந்து கொள்கலனில் வந்து இறங்கும் டெல், எச்பி, லெனோவா பெட்டிகளில் ஒன்றை எடுப்பது என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் பிழையில்லை. இப்போதும் அதையே சொல்வேன்.

பிழை நடந்தது அடுத்த படியில். நகரத்துக் கடையொன்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பியிருந்தது. "டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, ஐ7, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11, புதிய மாடல், 65,000 ரூபாய்." நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவள் அல்ல. இரவிரவாக அந்தப் பெயரை இணையத்தில் தேடினேன். 2023இல் வெளிவந்த கணினி, கணினியின் மூளையான செயலி பதின்மூன்றாம் தலைமுறை என்றெல்லாம் வந்தது. இவ்வளவு புதிய பொருள் இந்த விலைக்கா என்று அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டேன். கடையில் பெட்டியை இயக்கிக் காட்டினார்கள், விண்டோஸ் 11இன் முகப்பு தெரிந்தது, அணைத்துவிட்டார்கள். 15,000 ரூபாய்க்கு 19 அங்குலத் திரை ஒன்றும் எடுத்தேன். பற்றுச்சீட்டில் "ஐ7 கணினி - 1, திரை - 1" என்று எழுதிக் கையொப்பம் வைத்துத் தந்தார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இயக்கினால் முகப்புத் தோன்றவே மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ஒரு வினாத்தாளைத் திறந்துவிட்டுப் போய் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாடசாலையில் தொழினுட்பப் பாடம் கற்பிக்கும் சேரை வரச்சொன்னேன். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. அமைப்புகளுக்குள் போய் "இந்தக் கணினி பற்றி" என்ற பக்கத்தைத் திறந்தார். ஐ7 என்பதற்குப் பக்கத்தில் 3770 என்று இருந்தது.

"டீச்சர், ஐ7 என்பது செயலியின் குடும்பப் பெயர் மாதிரி. வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் இலக்கம்" என்றார். நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை. 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012ஆம் ஆண்டுப் பொருள். 8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 12400 என்று இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வாசிக்க வேண்டும். ஒரு பழைய ஐ7ஐ விடப் பல ஆண்டுகள் பிந்திய ஐ3 வேகமாக ஓடக்கூடும். இதை எந்தப் பட்டியலிலும் எழுதமாட்டார்கள். ஐ7 என்ற இரண்டு எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுவார்கள்.

அப்படியானால் நான் இணையத்தில் பார்த்த 2023? ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று 2012இல் வந்தது, மற்றது 2023இல் வந்தது. பதினொரு ஆண்டு இடைவெளி, ஒரே இலக்கம். உற்பத்தி செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எது எதுவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே "புதிய மாடல்" என்று எழுதி அனுப்பிய கை இங்கே, நம் ஊரில் இருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

விண்டோஸ் 11இன் கதையும் அதேதான். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொப்ட் அதை அனுமதிக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்கள் பெட்டியில் அந்தச் சோதனையைத் தாண்டிப் பலவந்தமாக நிறுவியிருந்தார்கள். அப்படி நிறுவியதற்கு இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. விண்டோஸ் 10க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பிள்ளைகள் பாவிக்கும், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இல்லாமல் இருக்க எனக்கு மனமில்லை.

சேர் இன்னொன்றும் செய்தார். உள்ளே பார்க்கலாமே என்று மகன் திருப்புளியைக் கொண்டுவந்தான். "தொடாதே" என்று அவர் தடுத்துவிட்டார். பெட்டியின் ஓரத்தில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது கிழிந்திருந்தால் எங்கள் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். வாங்கிய பொருளில் குறை தெரிந்தவுடன் கை துறுதுறுக்கும். தயவுசெய்து அந்த ஸ்டிக்கரைத் தொடாதீர்கள்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் பெட்டியை உரப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் போனேன். தை மாத மழை விடவில்லை. கடைப் பையன், "முதலாளி இல்லை அக்கா, நாளைக்கு வாருங்கள்" என்றான். பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போகவா என்று கேட்டேன். "பொறுப்பேற்க முடியாது" என்றான். அதே பெட்டி, அதே மடி, அதே பஸ். போவதற்கு முன் ஓர் அழைப்பு எடுத்துக் கேட்டிருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கணவரும் வந்தார். முதலாளி சுவரில் தொங்கிய "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அறிவிப்பைக் கையால் காட்டினார். ஐ7 கேட்டீர்கள், ஐ7 தந்தேன், பற்றுச்சீட்டில் ஐ7 என்றுதானே இருக்கிறது என்றார். அந்தக் கணத்தில்தான் அந்தச் சீட்டு எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தது என்று புரிந்தது. கணவர் கோபப்பட்டுக் குரலை உயர்த்தினார். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நான் கைத்தொலைபேசியை எடுத்து முதலாளியின் கடை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அவருக்குக் காட்டினேன். "புதிய மாடல்" என்ற சொல் அங்கே எழுத்தில் இருந்தது, திகதியும் இருந்தது. "ஐயா, நான் சண்டைக்கு வரவில்லை. இந்தச் செய்தியையும் பற்றுச்சீட்டையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப் போகிறேன்" என்று சொன்னேன். அந்தச் சபையின் துரித இலக்கம் 1977. பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். இவை இரண்டையும் முதல்நாள் இரவே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அந்தத் தாளைப் பார்த்தார், உள்ளே போனார், கால்மணி நேரம் கழித்து வந்தார். மென்பொருள் நிறுவிய கூலி என்று 3,000 கழித்து 62,000 ரூபாயை எண்ணித் தந்தார். முழுத் தொகைக்கும் நின்றிருக்கலாம். மழையும் இருட்டும் வந்துகொண்டிருந்தன. கடைசி பஸ்ஸை நினைத்து வாங்கிக்கொண்டேன். அந்த 3,000 இன்னும் உறுத்துகிறது.

அழித்துவிடாமல் வைத்திருந்த அந்த ஒரு வாட்ஸ்அப் செய்திதான் என்னைக் காப்பாற்றியது. கடைக்காரரிடம் வாயால் கேட்பதை விட எழுதிக் கேளுங்கள். அவர் எழுதிய பதிலை வைத்திருங்கள்.

அடுத்த வாரம் வேறொரு கடை. இந்த முறை சேரும் கூட வந்தார். நான் முதலில் கேட்டது செயலியின் முழு இலக்கம். ஐ5-8500 என்றார்கள், இயக்கிக் காட்டச்சொல்லித் திரையில் நானே வாசித்தேன். சுழலும் வன்தட்டு வேண்டாம், சுழலும் பாகம் இல்லாத 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம்தான் வேண்டும் என்றேன். பழைய கணினியில் கண்ணுக்குத் தெரியும் வேகத்தைத் தருவது அதுதான். ரேம் என்ற நினைவகம் 8 ஜிபி, அதைச் செருகும் துளை ஒன்று வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தோம், பிறகு கூட்டலாம். தனி கிராபிக்ஸ் அட்டை எடுக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டோம். விளையாட்டுக்கல்லாத வீட்டு வேலைக்குச் செயலியோடு வருவதே போதும். விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை அமைப்பான பயோஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னார் சேர். சில பெட்டிகளில் பழைய அலுவலகம் போட்ட கடவுச்சொல் அப்படியே இருக்குமாம். பின்னாளில் எதையும் மாற்ற முடியாமல் கையைப் பிசைய வேண்டிவரும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. விண்டோஸ் 11 சோதனையைத் தாண்டாமல் முறையாக ஏறியிருந்தது. உரிமமும் செயற்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. எச்பி எலீட்டெஸ்க் 800 ஜி4, 66,000 ரூபாய். பற்றுச்சீட்டில் செயலி இலக்கம், ரேம், எஸ்எஸ்டி, பெட்டியின் தொடரிலக்கம் எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் எழுதினார். ஒரு வருட உத்தரவாதம் என்றார்கள். சீட்டில் 350 நாள் என்று அச்சிட்டிருந்தது. எரிந்த தடயமோ துருவோ இருந்தால் செல்லாது என்றும் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. கடலோரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தத் துரு என்ற சொல் சிறிய சொல்லல்ல. பின்பக்கத் துளைகளையும் திருகாணிகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டே எடுத்தோம். வீட்டிலும் கடற்காற்று நேரே அடிக்கும் யன்னலை விட்டு உள்ளறையில் மேசையைப் போட்டிருக்கிறோம்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைத் தவறவிட்டோம். வீட்டுக்கு வந்து திரையைப் பொருத்தப் போனால் கம்பி நுழையவில்லை. எங்கள் திரையில் விஜிஏ, எச்டிஎம்ஐ என்ற இரண்டு வகைத் துளைகள் உண்டு. இந்தப் பெட்டியின் பின்னால் இருந்தது டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை மட்டும். அலுவலகக் கணினிகள் பல அப்படித்தானாம். மறுநாள் மகன் போய் ஒரு மாற்றுக் கம்பி வாங்கிவந்தான். இரண்டு முனையும் சரியாகப் பொருந்தின, படம் வரவில்லை. இந்தக் கம்பிகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது வேறு, எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு வருவது வேறு. நல்லவேளையாக அந்தக் கடையில் மாற்றித் தந்தார்கள். கணினி வாங்கப் போகும்போது உங்கள் திரையின் பின்புறத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

வைஃபையும் இந்தப் பெட்டிக்குள் இல்லை. சிறு யூஎஸ்பி துண்டு 1,800 ரூபாய். கமராவும் இல்லை, மாமிக்காக 3,500. கம்பி 2,200. மின்சாரம் போய்வரும்போது எஸ்எஸ்டி கெடக்கூடாது என்று 650 விஏ யூபிஎஸ் ஒன்று 13,500. அது தரும் சில நிமிடம் கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கப் போதும். ஒரு இலட்சத்துக்குள் முடிக்க நினைத்தது, இழந்த 3,000ஐயும் சேர்த்து 1,05,000 ஆகிவிட்டது. எனவே கையில் உள்ள முழுத் தொகைக்கும் பெட்டியைப் பார்க்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது இந்தச் சில்லறைகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. தட்டச்சுக்கும் விரிதாளுக்கும் உதவும் லிப்ரே ஒபிஸ் இலவசம். பாமினியை நிறுவி இரண்டாம் தரத்து வினாத்தாளை அடித்தேன், எழுத்து எங்கும் உடையவில்லை. மாமி முதல்நாள் மகளுடன் ஒன்றரை மணி நேரம் பேசினா. பேரப்பிள்ளையின் புதுப்பல் தெரிகிறது என்று என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினா.

நேற்று முதற்கடையின் வாட்ஸ்அப் பட்டியல் மறுபடியும் வந்தது. ஆப்டிபிளெக்ஸ் 7010, ஐ7, விண்டோஸ் 11, புதிய மாடல், 65,000 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் இடது ஓரத்தில், பஸ் இருக்கைக் கம்பியில் உரசி என் கையிலேயே விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது.